இரண்டரை அடி வெள்ளம்

ஓடப்பாளையத்தில் வரலாற்றுக் கழகம் தொடங்கியதற்குக் காரணம் வரலாறு அல்ல. சங்கராபரணி ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் ஊர்க்காரர்கள் ஒன்று தொடங்கிவிட்டார்கள். தணிகாசலத்துக்கு அது பொறுக்கவில்லை. 2004 தை மாதம் தன் பழைய வீட்டு முன்கூடத்தைக் காலி செய்து, அருங்காட்சியகம் என்று பலகை மாட்டி, தலைவராகவும் ஆகிவிட்டார்.

ஓடாத சுவர்க்கடிகாரம் வந்தது. காது போன உருளி வந்தது. யாரோ உடைத்த ஜாடியின் கழுத்துக்கு 'ரோமானியர் காலம்' என்று அட்டை வைத்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் செயலாளர் தொமினிக், தன் பழைய தொப்பியைக் கொடுத்துவிட்டு, அதற்குக் கண்ணாடிப் பெட்டி செய்யவில்லை என்று மூன்று மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

பூர்ணிமா இயற்பியல் பட்டம் வாங்கிவிட்டு வேலைக்கு எழுதிப் போட்டுக் காத்திருந்தாள். கையெழுத்து அழகாக இருக்கிறதென்று அட்டை எழுதக் கூப்பிட்டார்கள். அவள் பார்த்தவரை அங்கே உண்மையான பொருள் ஒன்றுதான்: கூடத்து மரத்தூணில் ஓர் இரும்பு ஆணி. தணிகாசலத்துக்கு நாலு வயதாக இருந்தபோது வந்த பெருவெள்ளத்தில் வீட்டுக்குள் தண்ணீர் நின்ற உயரத்தில் அவருடைய அப்பா அடித்தது. அவள் டேப் பிடித்து அளந்தாள். தரையிலிருந்து இரண்டரை அடி.

"அக்கரைக் கோயில்ல மூணடின்னு எழுதி வச்சிருக்கானுங்க. நமக்கு ரெண்டரையா?" என்றார் தணிகாசலம்.

திறப்பு விழாவுக்கு முதல் நாள் ஆணி மேலே ஏறியிருந்தது. ஆறரை அடி. பழைய ஓட்டையைத் தச்சர்கள் பூசும் மக்கு வைத்து அடைத்துப் பெயின்ட் அடித்திருந்தது.

"பெரியப்பா, பழைய ஓட்டை கீழ..."

"ஃபோட்டோவுல சீஃப் கெஸ்ட் தலைக்கு மேல ஆணி தெரியணும் பாப்பா. வெள்ளம்னா ஒரு மரியாத வேணாமா?"

"ஆறரை அடி தண்ணின்னா நாலு வயசுல நீ எங்கய்யா இருந்த?" என்று கேட்டார் தொமினிக்.

"பரண்ல இருந்தேன்."

முடியாது என்று சொல்ல பூர்ணிமா வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. ஆறரை அடி என்றே அட்டை எழுதினாள். கடைசி வரியையும் அவரே சொன்னார்: அளந்தவர், கோ. பூர்ணிமா, பி.எஸ்சி. இயற்பியல்.

"டிகிரிய மறக்காம போடு. அப்பதான் நம்புவாங்க."

இரு கரையும் ஏறக்குறைய ஒரே மட்டம். அக்கரையில் மூன்றடி, இக்கரையில் ஆறரை அடி என்றால் ஆறு சாய்ந்தா நின்றது என்று வந்தவர் யாரும் கேட்கவில்லை. வந்தவர்களும் அதிகம் இல்லை. மூன்று வருஷமாக, அந்தத் தூணருகே தூசி தட்டும்போது மட்டும் பூர்ணிமா முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பொய் அவருடையது. பெயர் அவளுடையது.

டவுன் வளர்ந்து மூலக்குளம் வரைக்கும் வீடுகள் வந்துவிட்டன, இங்கே வர எத்தனை நாளாகும் என்று 2007இல் தணிகாசலம் தன் ஆற்றோர ஐந்து ஏக்கரை மனை பிரித்தார். வெள்ள எல்லையைக் குறிக்க அரசாங்க இன்ஜினியர் வந்தார். அருங்காட்சியகத்தில் அட்டையை முழுதாகப் படித்த முதல் ஆள் அவர்தான்.

"பரவால்லியே, அளந்தவங்க பேரெல்லாம் போட்டிருக்கீங்க. பிசிக்ஸ் வேற."

குறித்துக்கொண்டு போனார். அடுத்த மாதம் வரைபடம் வந்தது. ஐந்து ஏக்கரும் தண்ணீருக்குள் இருந்தது.

மறுநாள் தணிகாசலம் டைப் அடித்த தாளோடு வந்தார். தொமினிக்கும் கூட வந்திருந்தார்.

"இதுல ஒரு கையெழுத்து போடு பாப்பா. தப்பா அளந்துட்டேன், ரெண்டரை அடிதான்னு இருக்கு."

"நான் தப்பா அளக்கல பெரியப்பா."

"அது எனக்குத் தெரியாதா? பேப்பருக்குத்தான். சின்னப் பொண்ணு, தெரியாம பண்ணிட்டன்னா யாரு என்ன சொல்லப் போறாங்க?"

பூர்ணிமா தாளை மடித்து அவர் கையிலேயே கொடுத்தாள். மேசையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை எடுத்துத் தூணருகே உட்கார்ந்து மக்கைச் சுரண்டினாள். துருக்கறையோடு பழைய ஓட்டை வெளியே வந்தது. பிறகு புது அட்டை எழுதினாள். எழுத்து வழக்கம்போல அழகாக வந்தது.

'வெள்ளம் நின்ற உயரம் இரண்டரை அடி. 2004இல் தலைவர் தணிகாசலம் ஆணியைப் பிடுங்கி அடித்த உயரம் ஆறரை அடி. இரண்டையும் அளந்தவர் கோ. பூர்ணிமா, பி.எஸ்சி. இயற்பியல்.'

தணிகாசலத்தின் காது சிவந்தது. "ரெண்டாவது வரி எதுக்கு?"

"ஓட்டை ரெண்டு இருக்கே. இன்ஜினியர் கேப்பாரு," என்றாள். குரல் சின்னதாகத்தான் வந்தது. ஆனால் வந்தது. "கீழ நீங்க கையெழுத்து போட்டாத்தான் நான் குடுப்பேன்."

"இதப் படிச்சா அக்கரக்காரன் சிரிப்பான்!"

"மிசியே தணிகாசலம்," என்று பிரெஞ்சு மரியாதையோடு கூப்பிட்டார் தொமினிக், "போட்டுடு. இல்லன்னா ஆயுசு பூரா தண்ணிக்குள்ளயே கெட."

தணிகாசலம் பேனாவைத் திறந்தார், மூடினார், ஜன்னல் வழியே தன் மனைக்கற்களைப் பார்த்தார். கையெழுத்துப் போட்டார்.

இன்ஜினியர் இரண்டு ஓட்டைகளையும் படம் எடுத்து, மட்டம் வைத்துப் பார்த்து, மூன்று ஏக்கரைத் தண்ணீருக்கு வெளியே விட்டார். மீதி இரண்டு, உண்மையிலும் முழுகுகிற நிலம். அட்டை இப்போது அரசாங்கக் கோப்பில் சேர்ந்த சான்று. தலைவராலும் அதைக் கழற்ற முடியாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கரையிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். ரோமானிய ஜாடியையோ தொமினிக்கின் தொப்பியையோ யாரும் பார்ப்பதில்லை. நேராகத் தூணுக்குப் போய் ஒருமுறை குனிகிறார்கள், ஒருமுறை அண்ணாந்து பார்க்கிறார்கள். பக்கத்தில் பூர்ணிமா தூசி தட்டிக்கொண்டிருக்கிறாள், முகத்தைத் திருப்பாமல்.