வள்ளத்துக்குரிய முகம்

சுஹைர் மௌத்தாகி, மரண வீட்டில் கத்தம் ஓதுவதற்கென்று இரவல் வாங்கிய கதிரைகளைக்கூட இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. அதற்குள் முகம் எடுக்கிறவர்கள் வந்துவிட்டார்கள்.

நுரைச்சோலைக் கரையில் ஒவ்வொரு வள்ளத்துக்கும் இனி ஒரு முகம் வேண்டுமாம். உரிமைக்காரர் போனைப் பார்த்துக் கண் சிமிட்டினால்தான் எஞ்சினுக்கு மண்ணெண்ணெய். மூன்று நாடுகள் கைகோத்து, ஏழைகளில் ஒருவரும் விடுபடக் கூடாது என்று செய்த ஏற்பாடு. பள்ளிவாசல் மதிலில் ஒட்டிய தாளில் அதைத் தமிழிலும் போட்டிருந்தார்கள். வாசித்தவர்களுக்குத்தான் அது தமிழ் என்று விளங்கவில்லை.

சுஹைரின் மனைவி ஜெய்னம்பு இத்தாவில் இருந்தாள். புருஷனை இழந்தவள் மாதக்கணக்கில் அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் அறையோடு இருக்கும் காலம் அது. வந்தவர்களோ எல்லாரும் ஆண்கள்.

"பொம்புளை ஒராளும் வரல்லையா?" என்று கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டாள்.

"மிஸ் ஒராள் ஈக்கிறாவாம். திறப்பு விழாவுக்குத்தான் வருவாவாம்" என்றாள் தங்கை மர்ஷூதா. "நாளைக்கு இவங்க உடப்புப் பக்கம் போறாங்க. இன்டைக்கு விட்டா வள்ளத்த மறந்துட வேண்டியதுதான். நான் போய் இருக்கட்டா ராத்தா? ஒரு படம்தானே. ரெண்டு பேருக்கும் உம்மாட மூஞ்சிதானே."

"பொய்யாகிடாதா?"

"பேரு உங்கட பேருதானே. மூஞ்சில என்ன ஈக்கு?"

கதவிடுக்கால் அடையாள அட்டை வெளியே போனது. இத்தாவும் கெடவில்லை, வள்ளமும் தப்பியது என்று ஜெய்னம்பு அன்று நிம்மதியாகத் தொழுதாள், பாவம்.

மர்ஷூதாவின் புருஷன் றிஸ்மின் அதுவரை ஊரார் வள்ளங்களில் கூலிக்குப் போனவன். இப்போது ஜெய்னம்புவின் வள்ளத்தை ஓட்டினான். அவளுடைய பங்கு ஒழுங்காக வீடு வந்தது. பிள்ளைகள் சாப்பிட்டார்கள்.

இத்தா முடிந்ததும் தானே எண்ணெய் எடுக்கப் போனாள் ஜெய்னம்பு. கண்ணில் நீர் வரும்வரை சிமிட்டினாள். "நீங்கள் நீங்கள் அல்ல" என்று எழுதிக் காட்டியது போன்.

எண்ணெய்க் கடை அல்பிரட் சிரித்தான். "அக்கா, நீங்க இல்லயாம். அப்ப ஆரு இது?"

மர்ஷூதா வந்து ஒருதரம் சிமிட்டினாள். பச்சை விளக்கு எரிந்தது.

அதன் பிறகு பங்கு சுருங்கியது. பிறகு நின்றே போனது. கேட்கப் போனவளிடம் றிஸ்மின் சொன்னான்: "மைனி, கடலுக்குப் போறது நான். எண்ணெய் எடுக்கிறது இவ. நீங்க என்ன செய்யுறீங்க?"

"வள்ளம் என்ட மாப்பிள்ளை சுஹைர்ட."

"அத மெஷினுக்கிட்டச் சொல்லுங்க."

மர்ஷூதா மீன் செதில் உரித்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

முகத் திட்டத்தின் திறப்பு விழாவுக்காகக் கற்பிட்டி மண்டபத்துக்கு வெளிநாட்டார் வருகிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஜெய்னம்பு அபாயாவைப் போட்டுக்கொண்டு போனாள். "கணவனை இழந்தும் வள்ளம் நடத்தும் சகோதரி ஜெய்னம்பு" என்று மேடையில் அழைத்தார்கள். எழுந்து போனவள் மர்ஷூதா. வெள்ளைக்காரப் பெண்மணி ஒருவர் அவளைக் கட்டியணைத்தார். மண்டபமே கைதட்டியது.

தேத்தண்ணி கொடுக்கும் நேரம் பார்த்து அந்தப் பெண்மணியிடம் போனாள் ஜெய்னம்பு. மொழிபெயர்க்க மயூரதி என்ற பிள்ளை பக்கத்தில் நின்றாள்.

"நான்தான் ஜெய்னம்பு. அது என்ட தங்கச்சி."

மயூரதி குரலைத் தாழ்த்தினாள். "அக்கா, இத அப்பிடியே சொன்னா ஆள்மாறாட்டம் எண்டு தங்கச்சியப் பொலிசில குடுப்பாங்க. சொல்லவா?"

அந்தப் பக்கம் கோப்பையைப் பிடித்தபடி மர்ஷூதா பார்த்துக்கொண்டு நின்றாள். வயிற்றில் ஆறு மாதப் பிள்ளை.

"தங்கச்சிய உடுங்க" என்றாள் ஜெய்னம்பு. "முகம் பிழையா எடுபட்டா எப்பிடித் திருத்திற எண்டு மட்டும் கேளுங்க."

மயூரதி மொழிபெயர்த்ததை அந்தப் பெண்மணி ஜெய்னம்புவின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். கண்கூடக் கலங்கிற்று. நீளமாகப் பதில் சொன்னார்.

"தகவல் ஒரு நாட்டில இருக்காம்" என்றாள் மயூரதி. "திருத்திற ஆக்கள் இன்னொரு நாட்டில. காசு குடுத்தது மூண்டாவது நாடு. ஒராளக் கேக்காம மத்தவங்க கை வைக்க ஏலாதாம். வாற வருசம் எல்லாரும் கூடிக் கதைப்பாங்களாம். அதுக்கிடையில நீங்க முறைப்பாடு போடலாமாம், போன்லயே."

ஜெய்னம்பு அங்கேயே போனைத் திறந்தாள். முறைப்பாட்டுக்கு முன், உரிமைக்காரரை ஒருதரம் கண் சிமிட்டச் சொன்னது அது.

மறுநாள் விடிய, வள்ளம் கரை தட்டும்போது அவள் கரையில் நின்றாள். இரண்டு கையாலும் வள்ளத்தின் விளிம்பைப் பிடித்தாள். "இறங்குங்க றிஸ்மின். வேற ஆளப் போட்டு ஓட்டுறன்."

"எண்ணெய்க்கு?" என்றான் அவன். பிறகு, மீன் வாங்க வந்தவர்களுக்கெல்லாம் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தினான். "மர்ஷூதா! ராத்தாவுக்குக் கொஞ்சம் சூடை மீன் போட்டுக் குடு. ஆம்பிளை இல்லாத வீடு. சதகாவா, தர்மமா ஈக்கட்டும்."

"நல்ல மனுசன்" என்றார் ஒரு வியாபாரி.

மர்ஷூதா பையை வாய் கொள்ளாமல் நிரப்பி நீட்டினாள். ஜெய்னம்புவின் வீட்டில் பிள்ளைகள் இரவும் கறியில்லாமல் வெறும் பாண் துண்டுகளைத்தான் தின்றிருந்தார்கள்.

வாய் கட்டாத பை. ஒரு கையால் வாங்கினால் மீன் மணலில் கொட்டிவிடும். ஜெய்னம்பு வள்ளத்திலிருந்து இரண்டு கைகளையும் எடுத்தாள்.