ஜோ எழுதிய வரி

அன்று மாலை எங்கள் ராயபுரம் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் நான்கு பேர். சவரிநாதனாகிய நான், என் மனைவி டோரதி, என் மருமகள் ஹெப்சிபா, அவள் அலுவலகத்தில் வேலை பார்க்கும் கொருக்குப்பேட்டை வரதன். வேறு யாரும் இல்லை.

என் மகன் ஜோவின் முப்பதாம் நாள் பூசை காலையில் முடிந்திருந்தது. எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரியின் பின்சக்கரத்தில் சிக்கிப் போனான். நான் துறைமுகத்தில் கிரேன் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன். அந்த மாதிரி லாரிகளில் பெட்டி ஏற்றித்தான் அவனைப் படிக்க வைத்தேன். அதைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை.

மேசைமேல் அவனுடைய கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அவன் போன பிறகும் அதை யாரும் நிறுத்தவில்லை. விசிறிச் சத்தம் பழகிவிட்டது. அவனுக்கும் அதே அலுவலகம்தான்; அவன் பார்த்த வேலையை இப்போது ஹெப்சிபாவிடம் கொடுத்திருந்தார்கள்.

டிஸ்கில் ஃபைல்களை எழுதி, கேட்கும்போது எடுத்துத் தரும் மென்பொருள் எல்லாக் கம்ப்யூட்டரிலும் உண்டு. அது எழுதியதைத் தொலைக்கிறதா என்று நூற்றுக்கணக்கான சோதனைகளை ஓட்டிப் பார்ப்பது அவர்கள் வேலை. அந்தச் சோதனைத் தொகுப்பு பொதுவானது. உலகத்தில் எந்தக் கம்பெனியும் எடுத்துக்கொள்ளலாம்; எந்த வரியை யார் எழுதினார்கள் என்று எவரும் பார்க்கலாம்.

அதில் ஜோ எழுதிய ஒரு வரியில்தான் கோளாறு என்றார்கள். என்ன கோளாறு என்று கேட்டேன்.

"அப்பா, அது இன்னான்னா," என்றான் வரதன். "ஒவ்வொரு டெஸ்ட்டும், தாங்குதான்னு பாக்க டிஸ்க்கப் போட்டு அடிக்கறதுக்கு ஒரு புரோகிராம வுடும். அல்லா டெஸ்ட்டும் வுடற புரோகிராமுக்கு ஒரே பேருதான். முடிஞ்சதும், அந்தப் பேருல இன்னா ஓடிகினு இருந்தாலும் நிறுத்துன்னு நம்ப ஜோ எழுதிகிறான். அப்போ டெஸ்ட்டுங்க ஒண்ணு ஒண்ணாத்தான் ஓடிச்சு. இப்போ நேரம் பத்தலன்னு பத்த ஒண்ணா ஓட்றோம். மொதல்ல முடிக்கற டெஸ்ட்டு தன் புரோகிராம நிறுத்தறேன்னு மத்த ஒம்போது டெஸ்ட்டோட ஆளையும் சாச்சிடுது."

"அப்போ மத்த டெஸ்ட்டுங்க நின்னுடுமே. தெரியாதா?"

"நின்னா தெரியும். நிக்காதே! அடிக்க ஆளில்லாம வேடிக்கை பாத்துகினு, ஒண்ணும் ஒடையல, பாஸுன்னு சொல்லும். சொல்லிகினு இருந்திச்சு."

எனக்குப் புரிந்தது. துறைமுகத்தில் எல்லாக் கிரேனுக்கும் வாக்கிடாக்கியில் ஒரே சேனல் இருந்த காலத்தில், ஒருவன் நிறுத்து என்றால் பக்கத்துக் கிரேனும் நிற்கும். பிறகுதான் ஆளுக்கொரு சேனல் வந்தது.

ஹெப்சிபா ஒவ்வொரு சோதனைக்கும் தனி அடைப்பு போட்டிருந்தாள். உள்ளே ஓடும் சோதனைக்குத் தான் விட்ட புரோகிராம்களை மட்டும்தான் தெரியும். வெளியே இன்னொரு சோதனை ஓடுவதே தெரியாது. அடைப்பை மூடினால் உள்ளே இருப்பவை மட்டும் அடங்கும். ஓட்டிக் காட்டினாள். திரையில் வரிசையாகப் பச்சை வந்தது. நடுவில் ஒரு சிவப்பு.

"ஃபெயிலு!" என்று கைதட்டப் போன வரதன், டோரதியைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

"இத்தினி நாளா பொய்யா பாஸ்னு சொன்னது இதான் மாமா, இப்பதான் நெசத்தச் சொல்லுது," என்றாள் ஹெப்சிபா. "கரண்டு போய்ட்டு வந்தா ஃபைலோட கடைசித் துண்டு காணாமப் போவுது."

அவர்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டாம். திருத்தம் அனுப்பும்போது, எந்தப் பழைய மாற்றத்தைத் திருத்துகிறோம் என்று கீழே ஒரு வரி போட வேண்டும். அதில் பழைய மாற்றத்தின் எண் இருக்கும். எண்ணைத் தட்டினால் எழுதியவன் பெயர் வரும்.

"அந்த வரி வேணாம்," என்றேன்.

"செத்தும் எம்புள்ள பேரு சந்தி சிரிக்கணுமா?" என்றாள் டோரதி.

வரதன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். "வுட்டுடு ஹெப்சி. நான்தானே பாத்து ஓகே சொல்லப் போறேன். எவனாவது கேட்டா வரதன் மறந்துட்டான்னு சொல்லு. நான் மறக்கறது ஆபீஸுக்கே தெரியும்."

அவள் திரும்பவில்லை. "மத்த கம்பெனிங்கள்ல பழச ஓட்டிகினு இருக்கறவங்க அந்த வரியப் பாத்துதான், இந்தத் திருத்தம் நமக்கும் வேணும்னு எடுப்பாங்க. இல்லன்னா எடுக்க மாட்டாங்க. அவரு எழுதனது அங்கல்லாம் பாஸு, பாஸுன்னு பொய் சொல்லிகினே இருக்கும். அவரு பொய் சொல்ற ஆளா மாமா?"

விசிறி ஓடியது. எனக்கு அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. அவன் போனதிலிருந்தே எதுவும் வருவதில்லை. ஒன்றை மட்டும் யோசித்தேன். எவனோ ஒருவன் எண்ணைத் தட்டி, துருவி, என் மகன் பெயரைக் கண்டுபிடிப்பது எங்கள் குடும்பத்துக்கு அழகில்லை.

"எண்ணு மட்டும் போட்டா ஒளிச்சு வெச்ச மாதிரி கீது. பேரையும் எழுது. ஜோ சவரிநாதன் எழுதனதுன்னு முழுசா எழுது."

"அப்பிடி எழுதற வழக்கம் இல்லப்பா," என்றான் வரதன்.

"கூடாதுன்னு கீதா?"

"கூடாதுன்னு இல்ல."

"அப்போ எழுதும்மா. அவன் எழுதனப்போ டெஸ்ட்டுங்க ஒண்ணு ஒண்ணாத்தான் ஓடிச்சு. அதையும் எழுது."

"அத்த மொதல் வரியிலியே எழுதிட்டேன் மாமா."

திரையை என் பக்கம் திருப்பினாள். இருந்தது. அதன் கீழே அவன் பெயரை என் பெயரோடு சேர்த்துத் தட்டி, அனுப்பினாள். டோரதி எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். வரதன் காபி வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினான்.

இப்போது கோயில் வாசலில் ஒரு பேச்சு நடக்கிறது. கல்லறை மண் காய்வதற்குள் புருஷன்மேல் பழியைப் போட்டு ஹெப்சிபா தன் வேலையைக் காப்பாற்றிக்கொண்டாள் என்றும், அதனால் நான் அவளை வீட்டைவிட்டு அனுப்பிவிட்டேன் என்றும். தவறு. அவள் வேலைக்கு எந்த ஆபத்தும் இருக்கவில்லை. பெயரைப் போடச் சொன்னவன் நான். அவள் இந்த வீட்டில்தான் இருக்கிறாள்.