கழுவிட்டு வந்த கால்கள்

"அண்ணன் மண்ணுக்குப் போயி ஆறு மாசமாவுது. நாற்காலி சும்மா கெடக்கலாமா? நாந்தான் உக்காரணும். நீங்க ஒரு வார்த்தை சாமியார்கிட்ட சொல்லிட்டீங்கன்னா முடிஞ்சுது."

ராஜப்பன் சமையற்கட்டு வாசலை அடைத்துக்கொண்டு நின்றான். சவரியம்மாள் அடுப்பில் களி கிண்டிக்கொண்டிருந்தாள். துடுப்பை நிறுத்தவில்லை, நிறுத்தினால் கட்டி தட்டிப்போகும்.

"யோசிச்சுச் சொல்றேன் ராஜப்பா."

"யோசிக்க என்னா இருக்குது அண்ணி? பொம்பள போயி உக்காரப் போறீங்களா?"

அவனுக்குப் பின்னால் நின்ற அவன் பெண்டாட்டி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். ராஜப்பன் சிரிக்கவில்லை. "மரவள்ளிக்குத் தண்ணி எறைக்க என் மாடுதான் வருது, மறந்துடாதீங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான்.

பாப்பிரெட்டிப்பட்டியைத் தாண்டிப் போனால், சித்தேரி மலையடியில் அந்த ஊர். தாத்தன் காலத்தில் ஞானஸ்நானம் வாங்கிய ஊர். ஆண்டவர் தம் சீடர்களின் காலைக் கழுவிய நினைவாகப் பெரிய வியாழன் சாயங்காலம் பங்குச் சாமியார் பன்னிரண்டு பேருக்குக் காலைக் கழுவுவார். பீடத்துக்கு முன்னால் பன்னிரண்டு நாற்காலி போடுவார்கள். பன்னிரண்டும் ஊர்த்தெருவில் பன்னிரண்டு குடும்பத்துக்குச் சொந்தம். அப்பனுக்குப் பின் மகன், மகன் இல்லாவிட்டால் தம்பி; யாரென்று அந்த வீட்டார் சாமியாரிடம் சொன்னால் போதும். உட்கார்ந்தவனுக்குக் கோயில் செலவில் சிவப்புக் கரை போட்ட ஒரு வேட்டியும் ஒரு ரொட்டியும் கிடைக்கும். வருஷம் பூராவும் மரியாதை கிடைக்கும்.

சேரிக்காரர்களும் அதே கோயில் கிறிஸ்தவர்கள்தான். தலையை எண்ணினால் அவர்கள்தான் அதிகம். கோயிலின் இடது பக்கத்தில் ஒரு மரத்தடுப்பு. அதற்கு அந்தப்பக்கம் தரையில் உட்கார்ந்து பூசை பார்ப்பார்கள். அவர்களுக்கு நாற்காலி கிடையாது என்று யாரும் சட்டம் போடவில்லை. சட்டம் போட வேண்டிய அவசியமே வரவில்லை.

சவரியம்மாளும் இதை ஒரு விஷயமாக நினைத்ததில்லை. கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து பெரிய வியாழனுக்கு முந்தின நாள் புருஷனைக் கல்லில் உட்காரவைத்து, புளியும் ஓட்டாஞ்சில்லும் வைத்து அவன் காலைத் தேய்ப்பாள். வெடிப்புக்கு விளக்கெண்ணெய் தடவுவாள். "சாமியார் கை படற எடம்டி, நல்லாத் தேய்" என்பான் அருளப்பன். ஊர்த்தெரு பூராவும் அன்றைக்குக் கால் தேய்க்கிற சத்தம்தான்.

இந்த வருஷம் தவசுக் காலத் தியானத்துக்குச் சேலத்திலிருந்து ஒரு சாமியார் வந்தார். ஒல்லியான ஆள், இருமிக்கொண்டே பேசினார். கடைசி நாள் பிரசங்கத்தில் ஒன்று கேட்டார்: "பெரிய வியாழனுக்கு எல்லாரும் காலைக் கழுவிட்டுத்தான வர்றீங்க? அழுக்குக் காலோட ஒருத்தனாச்சும் அந்த நாற்காலியில உக்காந்திருக்கானா? அப்பறம் அங்க கழுவறதுக்கு என்ன இருக்குது?"

கோயில் சிரித்தது. நல்ல தமாஷ் என்று பேசிக்கொண்டே கலைந்தார்கள்.

சவரியம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை. கழுவியது அவள் கை. வீட்டுக்கு வந்து செபமாலையைக் கையில் எடுத்தால் அருள்நிறைந்த மந்திரம் பாதியில் நின்றது. கண்ணை மூடினால் ஒரு கால் வந்து நின்றது. புருஷன் கால் அல்ல. ஆண்டியின் இடது கால். அதில் இரண்டு விரல் கிடையாது.

ஆண்டி அவள் வீட்டுப் பண்ணையாள். ஞானஸ்நானத்தில் அவனுக்கு வைத்த பேர் ராயப்பன். அந்தப் பேரைச் சாமியார் ஒருதரம் சொன்னதோடு சரி. அவளுடைய கிணறு அவன் வெட்டியது. அவனும் அவன் பெண்டாட்டி காசியம்மாளும் மூன்று கோடைகாலம் பாறையில் மல்லுக்கு நின்று வெட்டினார்கள். வெடி வைத்தபோது புரண்ட கல் அந்த இரண்டு விரலையும் எடுத்துக்கொண்டது. அருளப்பன் ஒரு மூட்டை கேழ்வரகு கொடுத்தான். கிணற்றில் தண்ணீர் வந்த நாளிலிருந்து ஆண்டியும் காசியம்மாளும் அதன் பக்கத்தில் கால் வைத்ததில்லை. தள்ளி நிற்பார்கள். குடிக்க வேண்டுமென்றால் சவரியம்மாள் சொம்பிலிருந்து உயரத் தூக்கி ஊற்றுவாள். குவித்த கையில் வாங்கிக் குடிப்பார்கள். தண்ணீர் அவள் பக்கம் தெறிக்காமல் ஊற்ற அவளுக்கு நன்றாகத் தெரியும்.

இது எப்படி இத்தனை வருஷம் கண்ணில் படாமல் போயிற்று? ஏதாவது செய்தாக வேண்டும். செய்யாமல் இனிக் கோயிலில் முட்டி போட முடியாது.

செவ்வாய்க்கிழமை மாட்டுக்கொட்டகையில் சாணி வழித்துக்கொண்டிருந்த ஆண்டியிடம் போனாள்.

"ஆண்டி, வியாழக்கெழம எங்க வூட்டு நாற்காலியில நீ உக்காரு. சாமியார்கிட்ட நான் சொல்லிக்கறேன்."

ஆண்டி நிமிர்ந்தான். வெயிலில் நின்றதால் புத்தி கலங்கிவிட்டதா என்று பார்க்கிற மாதிரி அவளைப் பார்த்தான்.

"எதுக்கும்மா?"

"கழுவ வேண்டிய காலு உன்னுதுதான். ஆண்டவர் காட்டியிருக்கறாரு எனக்கு."

"ஆண்டவரு என்கிட்ட ஒண்ணும் சொல்லலீங்களே."

"வெளையாடாத."

"வெளையாடலீங்கம்மா." கையிலிருந்த சாணியைக் கூடையில் தட்டினான். "உக்காந்துடறேன்னு வைங்க. சாமியாரு கழுவுவாரு. கால்ல முத்தமும் குடுப்பாரு. எந்திரிச்சு வெளிய வர்றேன். அப்பறம்? ராஜப்பக் கவுண்டரு இந்தக் காலயே ஒடிச்சுப்புடுவாரு. உங்களுக்குப் புண்ணியம் வந்துரும். எனக்குக் காலு போயிரும். ஏற்கெனவே ரெண்டு வெரல் இல்ல."

அவள் முகம் சுண்டியது. "நல்லது செய்ய வந்தா இப்படிப் பேசற."

"நல்லது செய்யணும்னா தண்ணி குடுங்க." அவன் குரலை உயர்த்தவில்லை. "எங்க கெணறு வத்தி மாசி மாசத்துல இருந்து சேறுதான் வருது. காசி ஆத்து மணல்ல ஊத்து தோண்டி ஒரு கொடம் ரொப்பறதுக்குள்ள விடிஞ்சு போவுது. எங்க பொம்பளைங்க உங்க கெணத்துல அவங்க கையால சேந்திக்கட்டும். காலக் கழுவறது நாங்களே கழுவிக்கறோம், தண்ணி இருந்தா."

சவரியம்மாள் வீட்டுக்கு வந்தாள். கோபமாகத்தான் வந்தாள். தண்ணீர் ஊற்றித்தானே இருக்கிறோம், ஒருநாள் இல்லை என்று சொன்னோமா என்று சட்டிப்பானைகளிடம் பேசினாள். சாயங்காலம் வரைக்கும் அந்தக் கோபம் தாங்கியது. அப்புறம் அதற்கு அடியில் இருந்தது வெளியே வந்தது. பயம். நாற்காலி ஒருநாள் சமாச்சாரம். சாமியார் கழுவுவார், அவள் தள்ளி நின்று பார்த்துக் கண்ணீர் விடலாம். கிணறு தினமும். அவள் குடிக்கிற தண்ணீர், அவள் கயிறு, அவள் வீட்டு வாசலுக்கு எதிரில். ராஜப்பன் மாட்டை அவிழ்த்துக்கொண்டு போவான். மரவள்ளி காயும். ஊர்த்தெருவில் ஒருத்தியும் அவள் வீட்டு நெருப்பு வாங்க மாட்டாள்.

விலை குறைந்ததைத்தான் ஆண்டவருக்கென்று எடுத்து வைத்திருக்கிறாள். அதற்கும் ஒடியப்போவது அடுத்தவன் கால்.

புதன்கிழமை ராஜப்பனைக் கூப்பிட்டனுப்பினாள். "நாற்காலி உனக்குத்தான். நல்லாக் காலைத் தேய்ச்சுட்டுப் போ" என்றாள். அவன் சந்தோஷத்தில் அண்ணி நல்லவங்க என்று தெருவெல்லாம் சொன்னான்.

வியாழன் சாயங்காலம் மணியடித்தது. ஊர்த்தெரு மொத்தமும் கோயிலுக்குள் போயிற்று. பன்னிரண்டு பேர் கால்களும் பளபளவென்று பலகைமேல் இருந்தன. சாமியார் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு முதல் காலுக்குக் குனிந்தபோது, பெண்கள் பக்கத்திலிருந்து சவரியம்மாள் எழுந்தாள். மரத்தடுப்பண்டை வந்து குனிந்தாள்.

"காசி, எந்திரி. கொடத்தை எடுத்துக்க. வர்றவங்களையும் கூட்டிக்க."

"பூசை நடக்குதுங்களேம்மா."

"அது நடக்கட்டும், வா."

அன்றைக்கு வெளிச்சம் மங்குவதற்குள் சேரிப் பெண்கள் ஏழெட்டுப் பேர் அந்தக் கிணற்றில் தண்ணீர் சேந்தினார்கள். முதலில் யாரும் கிட்டே வரவில்லை. காசியம்மாள்தான் கயிற்றைத் தொட்டாள். தான் மண் சுமந்து மேலே கொட்டிய கிணற்றை எட்டிப் பார்த்து, "இம்மாம் ஆழமாவா வெட்டினோம்?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். சவரியம்மாளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கோயில் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

பூசை முடிந்து வருவதற்குள் சேதி கோயிலுக்குப் போய்விட்டது. ராஜப்பன் வீட்டுக்கு வரவில்லை. மாடுகளை மட்டும் அவிழ்த்துக்கொண்டு போனான்.

வெள்ளிக்கிழமை விடிந்து சவரியம்மாள் வாளியை இறக்கினாள். வாளி தண்ணீருக்குப் போகவில்லை, பாதியில் தட்டி நின்றது. எட்டிப் பார்த்தாள். கிணறு நிறைய வேலமுள். வேலிக்கு வெட்டிப் போட்டிருந்த கொப்புகளை ராத்திரியோடு ராத்திரியாகச் சத்தமில்லாமல் தூக்கிவந்து கொட்டியிருந்தார்கள். மேலாக இருந்த ஒரு கொப்பில் கிழிந்த துணி ஒன்று மாட்டிக்கொண்டிருந்தது. புதுத் துணி. சிவப்புக் கரை. நேற்றுக் கோயிலில் கொடுத்த வேட்டி. பன்னிரண்டு பேரில் யாருடையது என்று தெரியவில்லை. ஒருத்தன் மட்டும் வந்து கொட்டுகிற அளவு முள்ளும் அல்ல அது.

குடத்தோடு வந்த பெண்கள் தள்ளியே நின்றுவிட்டார்கள்.

"போயிரலாம் காசி" என்றாள் ஒருத்தி.

அப்போது ஆண்டி வந்தான். எட்டிப் பார்த்தான். யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. கிணற்றில் விழுந்ததை மாட்டி எடுக்கிற பாதாளக்கரண்டியைக் கயிற்றில் கட்டினான், இன்னொரு கயிற்றைக் கிணற்றோரத் துலாக்கல்லில் முடிந்தான், உள்ளே இறங்கினான். கொப்பு கொப்பாக மாட்டிவிட்டான். பெண்கள் மேலே இழுத்துப் போட்டார்கள். வெயில் ஏறியது. கோயிலிலிருந்து கட்டை தட்டுகிற சத்தம் கேட்டது. பெரிய வெள்ளிக்கிழமை மணி அடிக்க மாட்டார்கள், மரக்கட்டைதான்.

கடைசிக் கொப்பு வந்த பிறகு ஆண்டி ஏறி வந்தான். கையும் தோளும் கீறிக் கிடந்தன. நடக்க முடியாமல் நொண்டினான்.

"ராயப்பா, உக்காரு" என்றாள் சவரியம்மாள்.

அவன் திரும்பவில்லை. தன்னைத்தான் கூப்பிடுகிறாள் என்று அவனுக்குத் தெரியவில்லை. காசியம்மாள்தான், "யோவ், உன்னத்தான்யா" என்றாள்.

அவன் உட்கார்ந்தான். சவரியம்மாள் எதிரில் தரையில் உட்கார்ந்து அவன் இடது காலை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவன் வெடுக்கென்று இழுத்தான். "வேணாம்மா, யாராச்சும் பாத்தா—"

"ஆட்டாத. முள்ளு ஒடிஞ்சு உள்ள நின்னுக்கும்." புடவை ஊக்கைக் கழற்றி நெம்பினாள். மண்ணும் ரத்தமும் அவள் மடியில் அப்பியது. ஒரு முள், இன்னொரு முள். விரல் இல்லாத இடத்தில் தோல் கெட்டித்துக் கல்மாதிரி இருந்தது. இத்தனை வருஷத்தில் அதை அவள் தொட்டுப் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

கோயிலுக்குப் போகிற கூட்டம் வழியில் நின்றது. முன்னால் ராஜப்பன். இன்றைக்கு ஊர்வலத்தில் சிலுவை தூக்குகிற முறை அவனுடையது. தோளில் துண்டு, சுத்தமான கால்.

"பெரிய வெள்ளிக்கெழமையும் அதுவுமா இது என்னா வேல அண்ணி? கோயிலுக்கு வரலியா?"

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. முள்ளை எடுத்து எறிந்துவிட்டு எழுந்தாள். காசியம்மாள் அப்போதுதான் முதல் குடத்தைச் சேந்தி ஓரக்கல்லில் வைத்திருந்தாள். தண்ணீர் கலங்கலாக இருந்தது.

சவரியம்மாள் கிணற்றைவிட்டு நாலடி தள்ளி வந்தாள். சேரிப் பெண்கள் எப்போதும் நிற்கிற இடத்தில் நின்றாள். குனிந்து இரண்டு கையையும் குவித்து வாயருகே வைத்தாள்.

காசியம்மாளுக்குப் புரியவில்லை. "என்னாங்கம்மா?"

"தாகமா இருக்குது. ஊத்து காசி."

ஊர்த்தெரு மொத்தமும் பார்த்துக்கொண்டிருந்தது. காசியம்மாள் ஒருதரம் ராஜப்பனைப் பார்த்தாள், ஒருதரம் தன் புருஷனைப் பார்த்தாள். பிறகு குடத்தைத் தூக்கினாள்.

அவளுக்கு ஊற்றிப் பழக்கமில்லை. தண்ணீர் இரண்டு பேர் மேலும் தெறித்தது.