இடுப்புக்குக் கீழே மட்டும்

பரந்தாமன் விரல் விட்டு மாதங்களை எண்ண ஆரம்பித்தாலே அம்சவேணி வயிற்றைக் கையால் மூடிக்கொள்வாள். எண்ணி முடித்ததும் அடி விழும்.

அவன் கோலார் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தான். ஆடிக் கிருத்திகைக்கு இரண்டு நாள் ஆம்பூர் வந்து போனான். அந்த இரண்டு நாளில் உண்டான கரு. பங்குனியில் வேலை போய் ஒரேயடியாகத் திரும்பி வந்தவனுக்கு, மனைவியின் வயிற்றைப் பார்த்ததும் சந்தோஷம் வரவில்லை. ரெண்டு நாள்ல புள்ளயா என்று சாராயக்கடையில் எவனோ சிரித்திருக்கிறான். சித்திரை பிறந்ததுமே பிறந்திருக்க வேண்டிய பிள்ளை, சித்திரை பாதி ஆகியும் பிறக்கவில்லை. தான் ஊருக்குப் போன பிறகு உண்டானது என்று சந்தேகப்பட அது போதுமானதாக இருந்தது அவனுக்கு.

"யாருதுடி இது? தோல் ஷாப் மேஸ்திரிதா?"

"உன்துதான். எத்தினி வாட்டி சொல்றது?"

கன்னத்தில் அறைந்தான். கீழே விழுந்தவளின் இடுப்பில் மிதித்தான். அவள் இரண்டு கைகளாலும் வயிற்றை மூடிக்கொண்டு சுருண்டாள். மிதி கைகளின் மேலேயே விழுந்தது. அன்று சாயங்காலம் வலி எடுத்தது.

இரண்டு நாள் ஆகியும் பிள்ளை இறங்கவில்லை. மருத்துவச்சி எண்ணெய் தடவிப் பார்த்தாள், வயிற்றை அமுக்கிப் பார்த்தாள், கடைசியில் கைவிரித்துவிட்டாள். அம்சவேணியின் தொண்டை கட்டி, கத்தினால் காற்றுதான் வந்தது. பக்கத்து வீட்டுப் பூங்காவனம் தோல் பதனிடும் ஷாப்பில் அவளோடு சேர்ந்து வேலை செய்பவள். பரந்தாமன் குடித்துவிட்டுக் கிடந்த நேரம் பார்த்து, தோல் ஏற்றுகிற மாட்டுவண்டியில் அவளைத் தூக்கிப் போட்டுக்கொண்டு பெண்கள் ஆஸ்பத்திரிக்கு விரட்டினாள். ஒவ்வொரு பள்ளத்திலும் வண்டி குதித்தது. அம்சவேணி பல்லால் வண்டிக் கயிற்றைக் கடித்துக்கொண்டு வந்தாள்.

லேடி டாக்டர் ஃபரீதாவுக்கு முப்பது வயது இருக்கும். வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். அதற்கு மேலே இருந்த நீலம் பாரித்த காயங்களையும் பார்த்தார். 

"புள்ள பெருசா இருக்கு, வழி பத்தல. வயித்தைக் கீறித்தான் எடுக்கணும். பயப்படாதே, குளோரோபாரம் வச்சித் தூங்க வச்சிடுவேன். உனக்கு ஒண்ணுமே தெரியாது."

கம்பவுண்டர் சாமுவேல் துணி முகமூடியையும் பாட்டிலையும் எடுத்து வந்தார். இனிப்பும் கசப்புமான வாடை அறையில் பரவியது. அம்சவேணி அவர் கையைத் தட்டிவிட்டாள்.

"வேணாம்! தூங்க மாட்டேன்!"

"அம்சு, இன்னா இது? செத்துப் போய்டுவேடி," என்றாள் பூங்காவனம்.

"அக்கா, அந்தாளு வருவான். புள்ள வெளிய வந்ததும் காலைப் புடிச்சிச் செவுத்துல அடிக்கிறேன்னு சொல்லியிருக்கான். நான் தூங்கிட்டா யாரு பாக்கறது? டாக்டரம்மா, முழிச்சினு இருக்கசொல்லவே கிழிங்க. நான் தாங்கிக்கிறேன்."

 ஃபரீதா சாமுவேலிடம் முகமூடியை எடுத்துப்போகச் சொன்னார்.

"முதுகுல ஒரு ஊசி இருக்கு. போட்டா இடுப்புக்குக் கீழே மரத்துப் போய்டும். நீ முழிச்சிட்டு இருக்கலாம், பேசலாம். வேலூர்ல படிச்ச காலத்துல நான் போட்டிருக்கேன், ஜாஸ்தி இல்ல. ஊசி போடறப்போ நீ அசைஞ்சா ஆபத்து. அசையாம இருப்பியா?"

"அடிக்கறப்போவே அசையாம இருந்து பழக்கம்மா."

அவளை உட்கார வைத்து முன்னால் வளைத்தார்கள். பூங்காவனம் அவள் தலையைத் தன் மார்போடு அழுத்திக்கொண்டாள். ஊசி முதுகில் இறங்கிய அதே நேரம் பெரிய வலி ஒன்று எழுந்து அவளைக் கவ்வியது. பூங்காவனத்தின் தோளில் அவள் பல் பதிந்து ரத்தம் வந்தது. முதுகு மட்டும் அசையவில்லை.

முதலில் பாதத்தில் வெந்நீர் பட்டதுபோல ஒரு சூடு. அது முழங்காலுக்கு ஏறி, தொடைக்கு ஏறி, வயிற்றைச் சூழ்ந்தது. அடுத்த வலிக்காக அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். வரவில்லை. வயிறு கல்லாக இறுகுவது கண்ணுக்குத் தெரிந்தது, வலி மட்டும் வரவில்லை. இரண்டு நாளில் முதல் தடவையாக முழு மூச்சு விட்டாள். அதற்கும் முன்னால் எப்போது உடம்பு எங்கேயும் வலிக்காமல் இருந்தது என்று யோசித்துப் பார்த்தாள். நினைவுக்கு வரவில்லை. அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"வலிக்குதா?" என்று பதறினார் ஃபரீதா.

"இல்லம்மா. வலிக்கல. அதான்."

மார்புக்கு மேலே ஒரு வெள்ளைத் துணியைத் திரைபோலக் கட்டினார்கள். அதற்கு அப்பால் கத்தி வைத்தது அவளுக்குத் தெரியவில்லை. யாரோ பையைத் திறந்து துழாவுவதுபோல ஓர் அசைவு மட்டும் தெரிந்தது.

அப்போதுதான் வெளியே கூச்சல் கேட்டது. காவல்காரன் அலறினான். கதவு அதிர்ந்தது.

"எங்கடி வச்சிருக்கற அத?"

இரண்டாவது உதையில் தாழ்ப்பாள் பிடுங்கிக்கொண்டு பறந்தது. பரந்தாமன் கையில் தோலின் ஓரம் நறுக்கும் கத்தி இருந்தது. சாமுவேல் பாய்ந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தார். இருவரும் சுவரில் மோதினார்கள். மருந்து அலமாரியின் கண்ணாடி நொறுங்கியது. கத்தி ஒரு தரம் இறங்கியது. சாமுவேல் கையைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவருடைய இரண்டு விரல்கள் தரையில் கிடந்தன.

ஃபரீதா திரும்பவில்லை. "நான் கையை எடுத்தா இவ செத்துடுவா," என்று மட்டும் சொன்னார். முழங்கைவரை ரத்தமாக இருந்த கைகள் நிற்காமல் வேலை செய்தன.

திரையைச் சுற்றிக்கொண்டு டாக்டரிடம் போக, பரந்தாமன் அம்சவேணியின் தலைமாட்டைத் தாண்ட வேண்டியிருந்தது. அவளால் கால் கட்டைவிரலைக்கூட அசைக்க முடியவில்லை. ஆனால் கைகள் அவளுடையவை. தினமும் ஊறிய தோலைத் தொட்டியிலிருந்து இழுத்துப் போட்ட கைகள். அவன் தலைமயிரைக் கொத்தாகப் பற்றி இழுத்தாள். தடுமாறி அவள் மேலேயே சாய்ந்தான். கத்தி அவள் முன்கையைக் கிழித்தது. இந்த வலி சுரீரென்று தெரிந்தது. அவள் விடவில்லை. எட்டிய காதைக் கடித்தாள். அவன் அவள் கழுத்தை நெரித்தான். கண் இருட்டியது, அப்போதும் மயிரை விடவில்லை.

"அக்கா!" என்று கத்த நினைத்தாள். குரல் வரவில்லை.

பூங்காவனத்துக்கு அது தேவைப்படவில்லை. மூலையில் அறுவைக் கருவிகளைக் கொதிக்கவைத்த பாத்திரம் அடுப்பில் இருந்தது. முந்தானையால் பிடித்துத் தூக்கி, கொதிக்கும் நீரை அவன் முதுகிலும் பிடரியிலும் கொட்டினாள். அவன் போட்ட ஓலம் தெருவரை கேட்டதாம். காலி பாத்திரத்தாலேயே அவன் மண்டையில் அடித்தாள். விழுந்த பிறகும் அடித்தாள்.

ஓலம் அடங்கியபோது இன்னொரு குரல் கேட்டது. மெல்லிசான, கோபமான குரல்.

"பொண்ணு," என்றார் ஃபரீதா. குழந்தையைப் பூங்காவனத்திடம் நீட்டிவிட்டுத் தையல் ஊசியை எடுத்தார்.

ஆறு மாதம் கழித்து வேலூர் கோர்ட்டில் வழக்கு வந்தது. பரந்தாமன் பிடரியெல்லாம் வெந்து சுருங்கிப்போய் நின்றான். அவன் வக்கீல் அம்சவேணியை மடக்கப் பார்த்தார்.

"மயக்க மருந்து கொடுத்திருந்த பொம்பளை நீ. என் கட்சிக்காரர் மனைவியைப் பார்க்க வந்தார், கம்பவுண்டர்தான் முதலில் அடித்தார். மயக்கத்தில் இருந்த உனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கு மயக்கம் குடுக்கல சாமி. இடுப்புக்குக் கீழ மட்டும்தான் மரத்துப்போச்சி. கண்ணு இடுப்புக்கு மேலதான இருக்குது?"

கோர்ட்டில் சிரிப்பு எழுந்தது. ஜட்ஜ் மட்டும் சிரிக்காமல், ஊசியைப் பற்றி ஃபரீதாவை நிறுத்தி விசாரித்தார். அவர் விவரமாகச் சொன்னார். பிள்ளை நாள் தள்ளிப் பிறப்பது சகஜம் என்பதையும், யாரும் கேட்காமலேயே, சொன்னார். சாமுவேல் மூன்று விரல் கையைத் தூக்கிக் காட்டினார். பரந்தாமனுக்கு ஏழு வருஷம் கடுங்காவல்.

விலங்கோடு அவனை வெளியே கூட்டிவந்தபோது, மரத்தடியில் பூங்காவனத்தோடு அம்சவேணி ரயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். இடுப்பில் குழந்தை தூங்கியது. அவன் நின்றான். போலீஸ்காரர் இழுத்தும் நகரவில்லை.

"அம்சு, மூஞ்சி யாராட்டம் இருக்குது? ஒரு தபா காட்டேன்."

குழந்தைக்கு அப்படியே அவன் நெற்றி, அவன் மூக்கு. பார்த்த ஊரெல்லாம் சொன்னது.

அம்சவேணி முந்தானையை இழுத்துக் குழந்தையின் முகத்தை மூடினாள்.

"வாக்கா, வண்டி போய்டும்," என்று நடந்தாள்.