எறும்பின் இடுப்பு

தொண்ணூற்றாறாம் ஆண்டு. இத்தாலியின் பலெர்மோ நகரில் ஓகஸ்ட் மழை விட்டதும், வீட்டுக்கார அம்மா சிஞோராவின் மேல்மாடி வீட்டுச் சன்னல்களில் சிறகு முளைத்த பூச்சிகள் மொய்த்தன. மருந்தடிக்க வந்தவன் கூரை மரங்களைத் தட்டிப் பார்த்துவிட்டு, இது கறையான், கூரையையே பிரிக்க வேண்டும் என்றான். எண்பது வயதுச் சிஞோராவின் முகம் வெளிறிப்போனது.

ஆறு வருடங்களாக அங்கே வேலை செய்யும் நாகபூசணிக்குக் கோபம் வந்தது. ஒரு பூச்சியைப் பிடித்து வெள்ளைத் தட்டில் வைத்துக் கண்ணாடித் தம்ளரால் மூடினாள்.

"இடுப்பைப் பாருங்கோ, நூல் மாதிரி இருக்கு. கறையானுக்குச் சிறகு முளைச்சால்தான் ஈசல்; ஈசலுக்கு இடுப்பே இல்லை. இதுக்கு முன்சிறகு பெரிசு, பின்சிறகு சின்னன். ஈசலுக்கு நாலும் ஒரே அளவு. இது எறும்பு."

"நீ எங்கை படிச்சனீ?" என்று அவன் சிரித்தான்.

"யாழ்ப்பாணத்திலை எங்கடை வீட்டுக் கதவைக் கறையான் திண்டது. எனக்கு அதைத் தெரியும்."

அவன் போனபின், சுவரில் ஊர்ந்த எறும்பு வரிசையைப் பின்தொடர்ந்து பல்கனிக்குப் போனாள். பூச்சாடியை நகர்த்தினாள். அடியில் ஒரு வெடிப்பு. கொதிநீர் ஊற்றி, காய்ந்ததும் சீமெந்து பூசினாள். இரண்டு நாளில் ஒரு பூச்சியும் இல்லை.

மூன்றாம் நாள் கீழ்வீட்டுப் பெண் மணியடித்து, தன் வீட்டிலும் பூச்சி என்று மருந்தடிப்பவனின் தொலைபேசி இலக்கத்தைக் கேட்டாள்.

"அவன் எதுக்கு? எங்கடை நாகபூசணி வந்து பாப்பாள்," என்றார் சிஞோரா. "ஆனா இப்ப கோப்பி குடிக்கிறாள். பொறுத்திரு."

அந்த வீட்டுக் கதிரையில் அமர்ந்து நாகபூசணி குடித்த முதல் கோப்பி அது. அவள் அவசரப்படாமல் ஆறுதலாகவே குடித்தாள்.