அரம் படாத குண்டு

1
இந்தக் கதை என் அம்மா தாயம்மாவின் தொடையிலுள்ள இரண்டு தழும்புகளிலிருந்து வந்தது. முன்னால் ஒன்று, பின்னால் சற்றே பெரிதாக ஒன்று.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘1899இல், ஹேக் நகரின் மண்டபமொன்றில், நாடுகள் கூடி...’

(வேண்டாம். அந்த மண்டபத்தை நான் பார்த்ததில்லை. எனக்குத் தெரிந்தது ரப்பர் மரம்.)

2
1951. மலாயாவில் கோலா கிளாவாங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். காட்டிலிருந்த கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்கு எதிராக அறிவித்த அவசரகாலத்தில் தோட்டக் காவலுக்கு நின்ற சன்னாசி முன்பு துரையோடு பன்றி வேட்டைக்குப் போனவர். அந்தப் பழக்கத்தில் துப்பாக்கிக் குண்டுகளின் மூக்கை அரத்தால் தேய்த்துக்கொண்டிருந்தார். தோட்டத்து மருந்தகத்தில் காயங்களுக்குக் கட்டுப் போடும் டிரசர் இராஜமாணிக்கம் பார்த்துவிட்டார்.

“என்னா வேல இது, சன்னாசி?”

“மூக்கத் தேச்சா உள்ள போயி விரியும், டிரசரய்யா. பன்னி ரெண்டடி ஓடாது.”

“மனுசன் மேலயா? விரியிற குண்டு சண்டையில வேணாம்னு பெரிய நாடுங்களே கையெழுத்துப் போட்டிருக்குலா.”

“இத சண்டைன்னு யாரு சொன்னா? அவசரகாலம்னுதான சொல்றாங்க!”

(சன்னாசி சொன்னதில் விஷயம் இருக்கிறது. அந்த ஹேக் ஒப்பந்தம் நாடுகளுக்கு இடையிலான போருக்குத்தான். டிரசருக்காக ஒரு சட்ட விளக்கம் எழுதி, அடித்துவிட்டேன்.) டிரசர் சொன்னது இவ்வளவுதான்:

“கட்டுப் போடப்போறவன் நான். விரிஞ்ச காயத்துக்கு எனக்கு வைத்தியம் தெரியாது. கால வெட்டத்தான் தெரியும்.”

சன்னாசி தேய்த்த குண்டுகளை ஒப்படைத்து, ஆபீசில் திட்டும் வாங்கி, தேய்க்காத வேறு குண்டுகளை வாங்கிக்கொண்டார்.

3
மறுவாரம் அம்மா ஒரு தவறு செய்தாள். குளிரில்தான் ரப்பர் பால் நன்றாக வடியுமென்று, ஊரடங்கு முடியுமுன்பே காட்டோர மரங்களைச் சீவப் போய்விட்டாள். பனிமூட்டத்தில் ஏதோ அசைந்தது. சன்னாசி சுட்டார். அம்மாவின் அலறல்

(இந்த வாக்கியம் என்னால் முடியவில்லை.)

குண்டு சதையைத் துளைத்து வெளியேறியது. சன்னாசியே முதுகில் சுமந்து ஓடினார். டிரசர் கட்டுப் போட்டார். கால் பிழைத்தது. அப்போது அவள் வயிற்றில் மூன்று மாதமாக இருந்த நானும் பிழைத்தேன்.

4
முடிவு ஒன்று: சன்னாசி காலில் விழுகிறார், அம்மா மன்னிக்கிறாள். அழுகை அதிகமாகிவிட்டது.

முடிவு இரண்டு: துப்பாக்கியில் இருந்தது தேய்த்த குண்டு. அரைப் பத்தி எழுதினேன். அதில் இந்தக் கதையை எழுதுகிறவனே பிறக்கவில்லை. நிறுத்திவிட்டேன்.

எங்கள் முகம் தெரியாமலே ஹேக்கில் கையெழுத்துப் போட்டவர்களுக்கு நன்றி. கையெழுத்து எதுவும் போடாமலே அரத்தைக் கீழே வைத்த சன்னாசிக்கு நெஞ்சு நிறைய நன்றி.

அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

“எல்லாம் சரிதான்லா. கட்டுப் போடறப்ப டிரசருக்குக் கை நடுங்குச்சே, அத ஏன் எழுதல?”

கேட்டுவிட்டுத் தேநீர் போட எழுந்தாள்.

முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எப்படி எழுதினாலும், அவள் அடுப்படிவரை நடந்து போகட்டும்.