உறுவையாற்றுக்குப் பூஜ்யம்

1

வில்லியனூரில் ஒரு எலக்ட்ரிக் கடைக்குப் பல்பு வாங்கப் போனேன். கல்லாவுக்குப் பின்னால் ஒரு பெண் லேப்டாப்பில் மூழ்கியிருந்தாள். சீரியல்கூடப் பார்த்திருக்கலாம். நான்தான் வீட்டுக்கு வந்து அவளுக்குச் சமீனா என்று பெயர் வைத்து, மின்சார இன்ஜினீயராக்கி, வம்பில் மாட்டிவிட்டேன். பாவம்.

2

[முதல் தொடக்கம்: ‘உயரழுத்தக் கம்பிகள் கரும்புத் தோட்டங்களைத் தாண்டி…’ வேண்டாம். அரசு விளம்பரம் மாதிரி இருக்கிறது.]

ஊர்களுக்கு வரும் மின்கம்பிகள், துணைமின்நிலையம், டிரான்ஸ்பார்மர்கள் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் அப்படியே கட்டி, எந்த நேரம் எந்த ஊர் எவ்வளவு இழுக்கும் என்று ஓட்டிப் பார்ப்பது சமீனாவின் வேலை. தாங்காத இடத்துக்குப் பெரிய டிரான்ஸ்பார்மர் வரும். பக்கத்து ஊரான உறுவையாற்றின் வயல்களுக்கு மும்முனை மின்சாரம் காலையில் மட்டும். பிற்பகலில் இருமுனைதான், அதில் பம்புசெட் ஓடாது. ஆகவே பிற்பகல் பம்புசெட் கணக்கு பூஜ்யம்.

ஓடாதாம்! இருமுனையிலும் மோட்டாரை ஓடவைக்கும் கன்டென்சரை மாட்டி ஊரே திருட்டுத்தனமாக ஓட்டுகிறது. அதை அந்தக் கடையில் விற்பவர் அவளைப் பெற்ற அத்தா காஜா மொய்தீன்.

3

“அத்தா, மத்தியானமும் மோட்டார் ஓடுதுன்னு எழுதிடவா?”

“எழுதனா கரண்டு ஆபீஸ்காரன் வயலுக்கு வயல் வந்து கனெக்‌ஷனப் புடுங்கிடுவான்மா. அப்புறம் நம்ம கடைக்கு வருவான். தெரியாத மாதிரி வுட்டுரு.”

விட்டாள். (அவளை நேர்மையாக்கியும் எழுதிப் பார்த்தேன். கடையைப் பூட்டினார்கள். அத்தா அவளோடு பேசுவதை நிறுத்தினார். எனக்கே தாங்கவில்லை, அந்தப் பக்கத்தை அடித்துவிட்டேன்.) இருக்கிற டிரான்ஸ்பார்மரே போதும் என்றது கம்ப்யூட்டர்.

4

கதிர் பால் பிடிக்கும் சமயத்தில், ஒரு பிற்பகல், எல்லா மோட்டாரும் சேர்ந்து இழுத்ததில் அந்த டிரான்ஸ்பார்மர் எரிந்துபோனது. வேறொன்று வருவதற்குள் உறுவையாற்று விவசாயி குழந்தைவேலின் நெல் முழுக்கப் பதர். [நல்ல மழை பெய்ததாக ஒரு முடிவும் எழுதினேன். வெட்கமாக இருந்தது.]

குழந்தைவேல் கடைக்கு வந்தார். அத்தா தொழுகைக்குப் போயிருந்தார்.* கல்லாவில் சமீனாதான்.

“பயிரு இன்னா ஆச்சி மாமா?”

“இன்னா பயிரு. மாட்டுக்கு அறுத்துப் போட்டாச்சி பாப்பா.” சிரிக்கப் பார்த்தார். “பெரிய டிரான்ஸ்பார்மர் கேட்டு அப்பவே கரண்டு ஆபீசுக்குச் சண்டைக்குப் போனோம். பாய் பொண்ணுதான் கம்ப்யூட்டர்ல பாத்து வேணாம்னு சொல்லிச்சின்னாங்க. நம்ம பொண்ணு சொன்னா சரியாத்தான் இருக்கும்னு திரும்பி வந்துட்டோம்.”

சமீனா வாயைத் திறந்தாள். “மாமா, நான் வந்து

5

இதற்குமேல் எழுத வரவில்லை. அவர் குரலில் துளி கோபம் இருந்திருந்தால்கூட எப்படியாவது முடித்திருப்பேன். இல்லையே. அந்தப் பெண்ணை நான் லேப்டாப்போடு விட்டிருக்கலாம்.

நீங்கள் முடியுங்கள். சீக்கிரம். அவர் பதில் கேட்க நிற்கிறார்.

* அவரை அனுப்பியது நான்தான். அவர் இருந்திருந்தால் டீ சொல்லிப் பேச்சை மாற்றியிருப்பார்.